உதடு மட்டும் பாடிய பாட்டு

குருவிட்டவில் பஸ் புறப்படும் முன் சாரதி புத்தர் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார். நேற்று அந்த வாசம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். கார்மென்ட் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்ற கால்கள் கடுத்தன. "அக்கா, யாரோட பேசுறீங்க?" என்று பக்கத்துப் பெண் சிங்களத்தில் கேட்டாள். என் உதடு அசைந்துகொண்டிருந்திருக்கிறது. "சும்மா" என்றேன். சாமிப் பாட்டு என்று விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அவள் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். வெட்டிக்கொண்டே சத்தமாகப் பாடுவாள். ஒரு பாட்டு முடிவதற்குள் ஏழு மரம் முடிந்திருக்கும். சனிக்கிழமைகளில் மரத்துப் பால் வடியும் சிரட்டைகளைத் துடைக்கப் போன எனக்கு, எழுத்துக்கு முன்னால் பாட்டு வந்தது. அர்த்தம்தான் வரவில்லை. வினையைத் தீர்க்கச் சொல்லும் வரியை 'வீணை' என்றே நம்பியிருந்தேன். நல்லதொரு வாத்தியத்தைச் சாமி ஏன் தீர்த்துக்கட்ட வேண்டும் என்று அதன்மேல் இரக்கம்கூட இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நான் போனதே கடலைக்குத்தான், அது வேறு கதை.

எனக்கு ஒன்பது வயதில் கலவரம் வந்தது. அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தார். டவுனில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிகிற புகை மலையிலிருந்து தெரிந்தது. அம்மாவோடு பால் வெட்டிய சோமா, பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண், நாங்கள் இருந்த லயத்து வீட்டு வரிசைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "லயத்துல இருக்க வேணாம். புள்ளைங்களோட மேல போ" என்றாள். அன்று காலையே அம்மாவும் நானும் மூன்று வயதுத் தம்பியும் மேல்மலைப் பற்றைப் புதர்களுக்குள் ஒளிந்தோம்.

கீழே ரோட்டில் ஆட்கள் கத்திக்கொண்டு போனார்கள். தம்பி அழத் தொடங்கினான். பாட்டுக் கேட்டால்தான் அடங்குகிற பிள்ளை. அம்மா அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். அவன் அந்த வாயையே பார்த்தான். விசும்பல் நின்றது. நானும் சேர்ந்து அசைத்தேன்.

உயிரோடு இறங்கினோம். லயமும் தப்பியிருந்தது. ஆனால் அம்மா அதற்குப் பிறகு வாய்விட்டுப் பாடவே இல்லை, மரங்களுக்கு நடுவில்கூட. "சத்தமாப் பாடும்மா" என்றால், "சாமிக்குக் கேக்கும், போதும்" என்பாள்.

விளக்கு வைக்கும்போது அவள் உதட்டைப் பார்த்தும், முணுமுணுப்பைக் கேட்டும் இன்னும் சில பாட்டுகள் பாடமாயின. வேண்டாம் என்று இருந்த காலத்திலும் அவை என்னை விடவில்லை. மெஷின் முன்னால், பிரசவ வலியில், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளில், கூப்பிடாமலே வாய்க்கு வந்தன. பக்தி என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். களைத்துப்போனால் வரும், அவ்வளவுதான்.

போன தையில் அம்மா செத்துப்போனாள். முப்பத்தோராம் நாள், படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் தம்பி போனை என்னிடம் நீட்டினான். "அம்மா கடைசியா முணுமுணுத்துக்கிட்டே இருந்திச்சே, அந்தப் பாட்டப் பாடுக்கா. எம் மகளுக்குப் புடிச்சு வைக்கிறேன்."

ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

"ராகத்தோட பாடுக்கா."

வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. கலவரத்துக்குப் பிறகு பாடமான பாட்டு அது. அம்மா அதைச் சத்தமாகப் பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"ராகம் தெரியாதுடா."

தம்பி போனை அணைத்தான். அந்த ராகம் தெரிந்த ஒரே ஆள் போய் முப்பத்தொரு நாள் ஆகியிருந்தது.