கயிற்றை விட்டால் கல் எந்தப் பக்கம் போகும்?

சிறுவர் பக்கத்தில் விஞ்ஞானம் எழுதுவது சுலபமான வேலை, எழுதியதை ஒருவரும் கவனமாக வாசிக்காதவரை. பிள்ளைகளுக்கு எதையாவது விளங்கப்படுத்தப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, வன்னியில் ஒரு வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தை நான் நடத்திய காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. போரால் பத்திரிகைத் தாள் வராததால் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சடித்தோம். என் கட்டுரைகள் எல்லாம் கோடு போட்ட தாளில்தான் வெளிவந்தன.

விழாத சந்திரன்

நவம்பர் தொடக்கத்தில் உடையார்கட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் பிலோமினா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீனவக் குடும்பத்துப் பிள்ளை. "பனங்காய் விழுகிறது. சந்திரன் ஏன் விழவில்லை?" என்று கேட்டிருந்தாள். சாதாரண தரப் பரீட்சையில் போன முறை விஞ்ஞானம் தவறிவிட்டதாம். டிசம்பரில் திரும்ப எழுதுகிறாள். விஞ்ஞானத்தில் சித்தி, அதாவது தேர்ச்சி, இருந்தால் மட்டுமே தாதிப் பயிற்சிக்கு எடுப்பார்கள். பாடப்புத்தகம் இடப்பெயர்வில் போய்விட்டதால், என் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டிப் பாடமாக்குவதாகவும் எழுதியிருந்தாள். அந்த வரியை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையில் நான் பயந்திருக்க வேண்டிய வரி அது.

நான் பதில் எழுதினேன். பூமி சந்திரனையும் இழுக்கிறது, சந்திரனும் விழத்தான் செய்கிறது. ஆனால் அது பக்கவாட்டில் வேகமாக ஓடிக்கொண்டும் இருப்பதால், விழுகிற ஒவ்வொரு கணமும் பூமியைத் தவறவிட்டு அதைச் சுற்றி வருகிறது. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லைப் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள், கயிறுதான் ஈர்ப்பு. இதுவரை சரி. கடைசியில், "கயிற்றை விட்டால் கல் கையிலிருந்து நேர் வெளிப்பக்கமாகப் பறக்கும்" என்று சேர்த்து, வெளியே பார்க்கும் அம்புக்குறியோடு படமும் கீறினேன். அது பிழை. சுழற்றும்போது கல் கையை வெளிப்பக்கம் இழுப்பது போலத் தெரியும். அதை நம்பி, செய்து பார்க்காமல் எழுதிவிட்டேன். அச்சுக்கோர்க்கும் இராசையா அண்ணை பிழையைக் கவனிக்கவில்லை. அவருடைய கவலை எழுத்துகளைப் பற்றியது. "மாஸ்டர், சந்திரன் விழாமல் இருக்கிறதுக்கே இவ்வளவு எழுத்தெண்டால், விழுந்தால் நான் எங்கை போறது?"

கவணோடு வந்தவர்

இரண்டு கிழமை கழித்து ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தார். பெயர் செல்லாயி. மலையகத்திலிருந்து வந்து காட்டோரம் குடியேறிய குடும்பம். சோளத் தோட்டத்தில் கிளி விரட்டுவது அவருடைய வேலை. இடுப்பில் கவண் செருகியிருந்தது. நடுவில் கல் வைக்க ஒரு பட்டை, இரண்டு பக்கமும் கயிறு. கையில் என்னுடைய பக்கம்.

"இத எழுதுனது யாருங்க?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "எங்க மக படிச்சிட்டுச் சொல்லுது, அம்மா நீங்க இருவது வருசமா தப்பா வீசுறீங்களாம். பேப்பர்ல போட்டிருக்காம். நானும் அதே மாதிரி வீசிப் பாத்தேன். கிளி அப்படியே இருக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் குடிசைய விட்டு வெளிய ஓடி வந்திட்டாரு."

முற்றத்தில் ஒரு தகரத்தைத் தொங்கவிட்டு, கவணை என்னிடம் நீட்டினார். நான் என் படத்தை நம்பினேன். தலைக்கு மேல் சுழற்றி, கல் தகரத்துக்கு நேரே வந்த கணத்தில் கயிற்றை விட்டேன். கல் இடது பக்கம் போய் அச்சகத்துத் தண்ணீர்ப் பானையை உடைத்தது. பிறகு அவர் சுழற்றினார். கல் அவருடைய வலது கைப்பக்கம் வரும்போதே விட்டார். தகரம் அதிர்ந்தது. அப்போதுதான் விளங்கியது. விட்ட கணத்தில் கல் எந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்ததோ, அந்தத் திசையிலேயே நேராகப் போகிறது. வெளிப்பக்கம் அதை இழுக்க ஒருவரும் இல்லை. பூமியின் இழுவை நின்றுபோனால் சந்திரனும் அப்படித்தான், வட்டத்தைத் தொட்டுக்கொண்டு நேர்கோட்டில் போகும்.

உடைந்த பானையைப் பார்த்தபடி செல்லாயி சொன்னார்: "சந்திரனப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கையா, ஆனா அது உங்க படத்தப் பாக்காம இருந்தா நல்லது."

இடமில்லை

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. பத்திரிகை ஆசிரியரிடம் போய், அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும், படத்தோடு என்றேன். அடுத்த இதழ் வருமா என்பதே சந்தேகம், தாள் முடிந்துவிட்டது என்றார். ஒரு பிள்ளை இதைப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறாள் என்றேன். அவர் நல்ல மனிதர். கோபிக்காமல்தான் சொன்னார்: "உங்கடை பக்கத்தைப் பாடமாக்கிற பிள்ளையும் இருக்கெண்டு தெரிஞ்சிருந்தால், நான் அதை ஒருக்கால் வாசிச்சிருப்பன்."

உடையார்கட்டில் ஒரு கரும்பலகை

அடுத்த நாள் காலை சைக்கிளில் உடையார்கட்டுக்குப் போனேன். மழைக்காலம். பாதி வழி சைக்கிள் என்னைக் கொண்டுபோனது, மீதி வழி நான் சைக்கிளைக் கொண்டுபோனேன். பிலோமினாவின் வீடு ஓலைக் கொட்டில். முன்னால் அவளுடைய தகப்பன் அந்தோனிப்பிள்ளை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கொட்டிலுக்குள் ஒரு கரும்பலகை. அதில் என் படம், என்னைவிட அழகாகக் கீறப்பட்டிருந்தது. அதன் முன்னால் ஆறு பிள்ளைகள்.

"இதுகளும் சோதனை எழுதுதுகள், மாஸ்டர். நான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திட்டன்," என்றாள். கரும்பலகையில் உள்ளது பிழை என்றேன். ஆறு பிள்ளைகளும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"அச்சடிச்சு வந்தது பிழையோ?"

"ஓம். நான் எழுதினதுதான் பிழை."

"இப்ப நீங்கள் சொல்லுறது சரியெண்டு எப்பிடித் தெரியும்?"

சரியான கேள்வி. வெளியே போனோம். வலையின் ஈயக்குண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி, விழும் இடத்தில் குச்சி நட்டுப் பத்துத் தடவை விட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் குண்டு பக்கவாட்டில்தான் போனது. ஒன்றுகூட என் படத்துக்கு மரியாதை கொடுக்கவில்லை. பிறகு கிரகங்களுக்குப் போனோம். சூரியன்தான் கை, இழுவைதான் கயிறு. கிட்டே இருக்கும் புதனுக்கு இழுவை கூடுதல், அதனால் அது வேகமாக ஓடினால்தான் சூரியனுக்குள் விழாமல் தப்பும். தூரத்து வியாழனுக்கு இழுவை குறைவு, மெதுவாகப் போகலாம். "அப்ப எல்லாம் விழுந்துகொண்டுதான் இருக்குதுகள், விழுந்து முடியேல்லை," என்றாள் பிலோமினா. நான் இரண்டு பந்தியில் எழுதியது அதுதான்.

பயம் மட்டும் அவளுக்குப் போகவில்லை. பாடமாக்கியது கைக்குப் பழகிவிட்டது, பரீட்சையில் கை தானாகப் பழைய படத்தைக் கீறிவிட்டால் என்ன செய்வது என்றாள். அந்தோனிப்பிள்ளை வலையிலிருந்து தலையை நிமிர்த்தினார்: "பேப்பரிலை பிழை விட்ட ஆக்களைக் கண்டிருக்கிறன், வந்து சொன்ன ஆளை இண்டைக்குத்தான் காணுறன். இருங்கோ மாஸ்டர், பிளேன்ரீ குடிச்சிட்டுப் போங்கோ."

அம்புக்குறி

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. பிலோமினாவின் கையெழுத்து. பிரித்தேன், முதல் வரியில் பரீட்சைப் பெறுபேறு இல்லை. இந்தப் பிள்ளை கட்டுரை எழுத வந்தால் வாசகர்களைக் காக்கவைத்தே கொன்றுவிடும் என்று நினைத்தேன்.

பரீட்சையில் சுழலும் கல் வந்ததாம். கயிறு அறுந்தால் அது போகும் திசையை அம்புக்குறியால் காட்டச் சொல்லியிருந்தார்களாம். மற்ற ஆறு பிள்ளைகளும் யோசிக்காமல் சரியாகக் கீறிவிட்டார்கள். இவளுடைய கை, அவள் பயந்தபடியே, வெளிப்பக்கம் கீறிவிட்டது. அடுத்த கேள்விக்குப் போய், அதையும் அடுத்ததையும் எழுதிவிட்டு, மணி அடிக்கச் சற்று முன்னால் திரும்பி வந்து பார்த்திருக்கிறாள். கடிதத்தின் கடைசிப் பகுதி இது: "அழித்துவிட்டுச் சரியாகக் கீறினேன், மாஸ்டர். விஞ்ஞானம் சித்தி, தாதிப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இனி உங்கள் பக்கத்தைச் செய்து பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவேன்."

சிறுவர் பக்கத்தில் நான் எழுதியதை அழித்ததால் ஒரு பிள்ளை சித்தியடைந்தது எனக்குத் தெரிந்து இந்த ஒரு தடவைதான், தெரியாமல் எத்தனை பேரோ.