காலி டிஸ்க் என்றது கணினி

எங்கள் நாமக்கல் பக்கக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் இணைச்சீர் என்ற சடங்கைச் செய்வாள். எனக்குச் செய்தவள் என் அக்கா. மறு வருடமே கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோனாள். அவள் நடமாடுவது அந்தக் கல்யாண டிவிடியில் மட்டும்தான் இருக்கிறது. இரவல் கேமராவில் எடுத்ததை வீட்டு டிவிடி ரெக்கார்டரில் நானே பதிந்தது. ரெக்கார்டர் பழுதானதும் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். டிஸ்க் பீரோவில் இருந்தது.

சென்ற மாதம் அக்கா மகள் சௌமியா வந்தாள். தன் கல்யாணத்துக்கு முன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். பிளேயரில் டிஸ்க் ஓடவில்லை. கணினியில் போட்டேன். காலி டிஸ்க், ஃபார்மேட் செய்யலாமா என்று கேட்டது. செய்தால் ஓடும் என்று நினைத்து, சம்மதம் கொடுக்கப் போனேன்.

"மாமா, கையை எடுங்க!" சௌமியா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். டிஸ்க்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். "உள்வட்டம் மட்டும் கருப்பா இருக்குது பாருங்க. காலியா இருந்தா ஒரே நெறமால்ல இருக்கோணும்?"

அதன்பின் டிஸ்க்கை நான் கணினியில் போடவே இல்லை.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. பதிந்து முடித்ததும் ரெக்கார்டரிலேயே ஃபைனலைஸ் செய்து, பதிவை மூட வேண்டுமாம். நான் செய்யாததால் மற்ற மெஷின்களுக்கு அது காலியாகத் தெரிந்திருக்கிறது. பதிந்த மாதிரி ரெக்கார்டர் என்றால் படிக்குமாம். ஃபார்மேட் செய்திருந்தால் அக்கா அழிந்தே போயிருப்பாள்.

ஆட்டையாம்பட்டி நண்பர் வீட்டில் அதே மாதிரி ரெக்கார்டர் ஒன்று கிடைத்தது. போட்டதும் அக்கா முந்தானையைச் சரிசெய்தபடி நடந்து வந்தாள்.

"என்னாட்டவே நடக்கறாங்க மாமா" என்றாள் சௌமியா.

அங்கேயே ஃபைனலைஸ் செய்து, வேறு இரண்டு வீடுகளில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போதெல்லாம் மெஷின் காலி என்று சொன்னால் நான் நம்புவதில்லை. முதலில் டிஸ்க்கைத் திருப்பிப் பார்க்கிறேன்.