கோவிந்தசாமியின் இரைப்பையில் தெரிந்த சோறு

கள்ளக்குறிச்சியில் நான் மயக்க மருத்துவராக இருந்த மருத்துவமனையின் தியேட்டருக்கு அல்ட்ராசவுண்ட் மெஷின் வந்தது. பயிற்சிக்கு அனுப்பினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். அதன் பிறகு எனக்கு எல்லாம் தெரியும் என்று நானும் நம்பினேன்.

மணலூர்பேட்டை கோவிந்தசாமிக்குக் கரும்புக் கட்டை குத்திய கால்விரல் அழுகியிருந்தது. அன்றே எடுக்காவிட்டால் பாதமே போய்விடும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். உள்ளே ரத்தம் கசியலாம் என்பதால் முதுகில் மரப்பு ஊசி போடக்கூடாது. முழு மயக்கம் என்று எழுதினேன்.

அதற்கு முன் மெஷினின் ப்ரோப் என்னும் கைக்கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தேன். இரைப்பையில் உணவு இருந்தால் மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும், உயிருக்கே ஆபத்து. திரையில் சோறு தெரிந்தது.

“காலையில என்ன சாப்ட்டீங்க?”

“ஒண்ணுமில்லீங்க. நேத்து சாயங்காலம் ரெண்டு வாய் சோறு.”

“மெஷின் பொய் சொல்லாது.”

“அப்ப நான் சொல்றனா சார்? தண்ணிகூட குடிக்காம நாக்கு ஒட்டிக்கினு கெடக்குது.”

கையுறை மாட்டி நின்ற சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். நான் வெளியே போய் கோவிந்தசாமியின் மனைவியை விசாரித்தேன். மிரட்டினேன் என்பதே சரி.

“ஒளிச்சு என்னம்மா குடுத்தீங்க?”

“இன்னா சார் இப்டி கேக்கறீங்க? நாலு மாசமா அந்தாளு நாலு வாய்க்கு மேல துன்றதில்ல. துன்னது மறுநாள் வரைக்கும் கல்லாட்டம் நிக்குதாம். துன்னுய்யான்னு வூட்ல நான் கெஞ்சிக்கினு கெடக்கறேன். அது ஏன் எறங்கலன்னு அந்த மெஷின்ல பாத்து சொல்லுங்க.”

கேஸ் ஷீட்டில் ‘சர்க்கரை, பதினெட்டு வருடம்’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. நெடுநாள் சர்க்கரை இரைப்பையின் நரம்புகளையும் கெடுக்கும். நேற்றைய சோறு இன்றும் நிற்கும். அந்தக் கேள்விக்குத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்.

முழு மயக்கத்தைக் கைவிட்டேன். அதே ப்ரோபை முழங்காலுக்குப் பின்னால் வைத்து, நரம்பைத் திரையில் பார்த்து, அதைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினேன். இருபது நிமிடம் காத்திருந்தோம். கோவிந்தசாமி விழித்தபடி படுத்திருக்க, விரல் மட்டும் போனது, பாதம் தங்கியது.

ஆபரேஷன் நடுவில் ப்ரோபை மறுபடி வயிற்றில் வைத்தபோது அவர் கேட்டார்: “சோறு இன்னும் தெரியுதா சார்?”

“தெரியுதுங்க.”

“எப்ப துன்னதுன்னு தெரியுதா?”

“இல்லீங்க.”

“அதத்தான் சொல்லிக்கினு இருந்தேன்.”

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு: திரையில் சோறு தெரிந்தால் திட்டத்தை மாற்றுங்கள், ஆளைத் திட்டாதீர்கள். மெஷின் சோற்றை மட்டும்தான் காட்டியது; அதைக் காலைச் சோறாக்கியது நான். மன்னிப்புக் கேட்க மருத்துவமனையில் படிவம் எதுவும் இல்லை. வெளியே போய் அந்த அம்மாளிடம் வாயாலேயே கேட்டேன்.