பூஜையில் வைத்த படிகங்கள்

இரண்டரை வருஷம் காராமணி இலை அரைத்தேன். துவையலுக்கு அரைத்திருந்தால் மயிலாப்பூருக்கே சாப்பாடு போட்டிருக்கலாம். தினமும் பஸ்ஸில் இடிபட்டு அடையாறு போய், ஆய்வுக்கூடத் தோட்டத்தில் நோய் பிடித்து மஞ்சள் தட்டிய இலைகளைப் பறித்து, அரைத்து, வடிகட்டி, அதிலிருந்து வைரஸைப் பிரிக்க வேண்டும். பிறகு அது குளிரில் படிகமாகிறதா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். சனியன், ஆகவே ஆகாது.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆவணியில் ஆயிற்று. உப்புக்கல்லில் பாதி இருக்கும், பத்துப் பன்னிரண்டு படிகங்கள். எக்ஸ்ரே படம் எடுத்தால் வைரஸின் புரத உறை எப்படி அடுக்கியிருக்கிறது, அதற்குள் ஆர்.என்.ஏ. இழையை எப்படித் திணித்து வைத்திருக்கிறது என்று ஏதாவது தெரியலாம். எக்ஸ்ரே கருவியில் என் முறை விஜயதசமிக்கு மறுநாள். அது தப்பினால் என் ஆய்வுக் காலமே முடிந்துவிடும்.

சரஸ்வதி பூஜையன்று கருவிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். எல்லோரும் தங்கள் நோட்டுகளைச் சாமி படத்தின் முன் அடுக்கினார்கள். எனக்கு அலுத்துப் போயிருந்தது. இனி அந்தச் சரஸ்வதியே பார்த்துக்கொள்ளட்டும் என்று படிகப் பெட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, பூஜை ஏற்பாடு செய்துகொண்டிருந்த உதவியாளரிடம் நீட்டினேன். நொச்சிக்குப்பத்துக்காரர், தினக்கூலி.

"இன்னாம்மா, ஐஸ் பொட்டில கீற சாமானாச்சே. வெளில வெச்சா கெட்டுப்பூடாதா?"

"ஒரு நாள்தானே, வையுங்கோ."

சாயங்காலம் கிளம்பும்போது பெட்டியை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது என்று வளர்ந்தவள் நான். வெயிலும் புழுக்கமும் படிகத்தை என்ன செய்யும் என்று தெரியாதா? தெரியும். இருந்தும் தொடவில்லை.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கலங்கிய தண்ணீர்தான் இருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை.

"யார் இதை வெளியில எடுத்து வெச்சது?" என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் உதவியாளர், "நான்தான் சார். பூசைக்கு வெச்சேன்" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

அவரைக் கூடத்துக்குள் வரக்கூடாது என்று தோட்ட வேலைக்குத் தள்ளினார்கள். தப்பு என்மேல் இல்லை என்பதால் எனக்கு இன்னும் ஒரு வருஷம் வாங்கித் தந்தார் பேராசிரியர். மறுபடி காராமணி. உதவியாளர் தண்ணீர் ஊற்றினார், நான் இலை பறித்தேன். "தழ நல்லா வந்துக்கீதும்மா" என்பார். வேறு பேச்சில்லை. மறுபடி படிகம் வந்தது, படமும் வந்தது. உறை தெரிந்தது, உள்ளே ஆர்.என்.ஏ. வெறும் மங்கலாகத்தான் இருந்தது.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் டைப்பிஸ்ட் வரைக்கும் நன்றி சொன்னேன். அவர் பெயரை எழுதவில்லை. தோட்டக்காரருக்கு எதற்கு நன்றி என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன்.