சங்குக்குள் இருந்த மீன்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு மாதம் கடல் இருந்தது. இதை வகுப்பில் சொல்லப்போய் முட்டி போட்டேன். பிள்ளையார்பாளையத்தில் ஏது கடல் என்று டீச்சர் கேட்டதற்கு, அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் டீச்சர் என்று பணிவாகத்தான் பதில் சொன்னேன்.

அக்காவுக்கு அந்த வருஷம் மூட்டு ஜுரம் வந்தது. பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தார்கள். புதுப் பாவாடையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவளுக்கு, விடிந்தபோது முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஜுரம் இருதயத்தைத் தொட்டுவிட்டது, மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, மனசு நோகவும் கூடாது என்றார் டாக்டர். கட்டிலை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டோம். மனசு நோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், அம்மா பிசைந்து ஊட்டிய சோற்றில் இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள்.

அப்பாவின் தம்பியான சித்தப்பா கல்யாணம் ஆகாதவர், எங்களோடேயே இருந்தார். மகாபலிபுரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர்.

"நீ கடலுக்குப் போவாட்டி இன்னாம்மா? நான் கடலை நம்ம வூட்டுக்கு வரவெச்சிடறேன்" என்றார் அக்காவிடம்.

சித்தப்பா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை எதையும் தள்ள முடியவில்லை. இரும்புச் சட்டத்தில் ஜன்னல் கண்ணாடியைப் பொருத்தி, தண்ணீர் ஒழுகாமல் இடுக்குகளை மக்கு வைத்து அடைத்த தொட்டி ஒன்று வந்தது. தினமும் கடைசி டிரிப்பில் இரண்டு டின் கடல் தண்ணீர் வந்தது. டின் தளும்பி யார் யார் வேட்டியோ நனைந்து பஸ்ஸில் சண்டை நடந்ததாகவும் சேதி வந்தது. பாலாற்று மணலும் தேங்காய் அளவுக்கு ஒரு சங்கும் வந்தன. எல்லாம் வந்த பிறகு ஒரு சாயங்காலம், வாயில் துணி கட்டிய தூக்குப் பாத்திரத்தில் மீன் வந்தது.

அதைத் தொட்டியில் விட்டபோது நான் அம்மாவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். எட்டிப் பார்ப்பதற்குள் மணல் கலங்கி எல்லாம் மறைந்துவிட்டது. அக்கா பார்த்துவிட்டாள். "மஞ்சளா இருக்குது! கறுப்புக் கோடு போட்டுக்கினு!" என்று கத்தினாள். அன்றைக்கு ஒரு தட்டுச் சோறு முழுவதும் சாப்பிட்டாள். அம்மா அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மணலை மூன்று தண்ணீரிலாவது அலசியிருக்க வேண்டும். சித்தப்பா ஒரு தண்ணீரோடு விட்டிருந்தார். நாளைக்குத் தெளிந்துவிடும் என்றார். தெளியவில்லை. இரண்டு வாரம் ஆகியும் தெளியவில்லை, போகப் போக வெள்ளையாகிக்கொண்டு வந்தது. சித்தப்பா தினமும் காலையில் டூட்டிக்குக் கிளம்பும் முன் ஒரு டம்ளர் சோற்றுக் கஞ்சியைத் தொட்டியில் ஊற்றி, கையை விட்டு நன்றாகக் கலக்கிவிடுவார். மீனுக்குச் சாப்பாடு என்றார். வீடு நாறத் தொடங்கியது. கடல் என்றால் அப்படித்தான் நாறும் என்றார். அம்மா இரண்டு வேளையும் சாம்பிராணி போட்டாள்.

விசித்திரம் என்னவென்றால், அந்தத் தண்ணீரிலும் எல்லோருக்கும் மீன் தெரிந்தது. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவரான அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல அரக்கு" என்றார். அம்மாவுக்கு அது மாம்பழ மஞ்சளாகத் தெரிந்தது. வாலைப் பார், மயில்கழுத்து என்றார் சித்தப்பா. "ஆமா, திரும்பறப்ப மயில்கழுத்துதான்" என்று அக்கா படுத்தபடியே ஒத்துக்கொண்டாள். நான் மூக்கு சப்பையாகும்படி கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கஞ்சி.

என் கண்ணில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அப்பாவிடம் அழுதேன். அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்தார். "ஆவட்டும்மா" என்றார் அப்பா. கூட்டிக்கொண்டு போகவில்லை. எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கிணற்றுத் தண்ணீர் கலங்கினால் அப்பா சாயக் கொட்டகையிலிருந்து படிகாரக் கட்டியை எடுத்துவந்து குடத்துக்குள் மூன்று சுற்றுச் சுற்றுவார், தண்ணீர் தெளிந்துவிடும். எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்த வைத்தியம் பெரியவர்கள் ஒருவருக்கும் நினைவு வராதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் மத்தியானம் அக்கா தூங்கும்போது, என் உள்ளங்கைக்கு அடங்காத கட்டி ஒன்றை எடுத்துவந்து கை வலிக்கும் வரை சுற்றினேன்.

காலையில் எழுந்து ஓடிப் பார்த்தேன். தண்ணீர் பளிச்சென்று தெளிந்திருந்தது. மணல் தெரிந்தது, சங்கு தெரிந்தது, அந்தப் பக்கச் சுவரில் இருந்த காலண்டர்கூடத் தெரிந்தது. மீன் மட்டும் இல்லை. அடியில் வெள்ளையாக, பஞ்சு போல ஏதோ படிந்திருந்தது.

பட்டு நூலைச் சோடா போட்டு வேகவைத்தால் பிசின் கரைந்து நூல் இளைத்துப்போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தப் பஞ்சுதான் மீன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் அதைக் கரைத்துவிட்டேன். அக்காவின் மனசு நோகப்போகிறது, டாக்டர் பயந்தது நடக்கப்போகிறது.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா கஞ்சி டம்ளரோடு வந்தார். தொட்டியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மா வந்தாள், அப்பா வந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் விழித்துத்தான் இருந்தாள். தெளிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சத்தம் போடாதீங்க சித்தப்பா" என்றாள் மெதுவாக. "சங்குக்குள்ள தூங்கிக்கினு இருக்குது பாருங்க. வாலு மட்டும் தெரியுது."

சித்தப்பா பார்த்தார். அவர் பார்த்தது சங்கையா அக்காவையா என்று எனக்குத் தெரியவில்லை. "ஆமாம்மா, தூங்குது" என்றார். டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவினார். தொலைந்துபோன மீன் கிடைத்ததற்கு ஒரு மனிதர் எதற்காகத் தேம்பித் தேம்பி அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நான் சங்குக்குள் பார்த்தேன். இருட்டாக இருந்தது.

அன்றோடு சித்தப்பா கஞ்சி ஊற்றுவதை நிறுத்தினார். வீட்டில் நாற்றம் போயிற்று. அக்கா ஒவ்வொரு நாளும் மீன் என்ன செய்தது என்று எங்களுக்குச் சொல்வாள். சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள்.

தை மாதம் அவள் எழுந்து நடந்தாள். சித்தப்பா எங்கள் இருவரையும் தன் பஸ்ஸிலேயே மகாபலிபுரம் கூட்டிக்கொண்டு போனார். அக்கா வழி நெடுக அந்தச் சங்கைத் தண்ணீரோடு ஒரு வாளியில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். அலையில் முழங்கால் நனைய நின்று சங்கைக் கவிழ்த்தாள். நான் கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். கொஞ்சம் மணலும் தண்ணீரும் விழுந்தன.

"போயிடுச்சு சித்தப்பா" என்றாள்.

"ஆமாம்மா. எப்படி நீந்துது பாரு" என்றார் அவர், கடலைப் பார்த்தபடி.

இந்தக் கடைசி முறையும் எனக்குத் தெரியவில்லை. கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தாவணியால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதடி. உனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

பிறகு ஏன் எனக்கு மட்டும் தெரியவில்லை என்று கேட்டேன். அக்கா என் பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். திரும்பி வரும்போது ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். பஸ் திரும்பும் வரை நான் கடலில் அந்த மஞ்சள் மீனைத் தேடிக்கொண்டே இருந்தேன்.