லாட்ஜுக்குப் போன டாக்டர்

மாரண்டஹள்ளிக்குத் தக்காளி லோடு ஏற்ற வரும் கோவிந்தன், லோடு முடியும்வரை லாரியை விட்டு நகரமாட்டான். போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். தோளில் இருக்கவேண்டிய துண்டு கையில் இருந்தது.

"அக்கா, நம்ம டாக்டரு போயிட்டாருங்க."

"எந்த டாக்டரு?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"பொம்மிடி டாக்டருங்க. நேத்து சாயங்காலம், வூட்டுலயேதான். காப்பியக் கையில வாங்கினாராம், அப்புடியே சாஞ்சிட்டாராம்."

சொல்லிவிட்டு, நாற்பது வயதைத் தாண்டிய அந்த மனிதன் என் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். பாதி லோடை அப்படியே விட்டுவிட்டு, அவன் லாரியிலேயே இருவரும் பொம்மிடிக்குப் போனோம்.

டாக்டர் நஞ்சுண்டனிடம் ஒரு தடவையாவது கை நீட்டி ஊசி போட்டுக்கொள்ளாத குடும்பம் பொம்மிடிப் பக்கத்தில் குறைவு. இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியும். நான் அவருடைய மருத்துவமனையில் எட்டு வருஷம் நர்சாக இருந்தேன். அதனால்தான் அன்று சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது ஒரு பெரியவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

உடலைத் தூக்குவதற்கு முன் சேலத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். டாக்டர் மாதாமாதம் போய்வந்த சபையைச் சேர்ந்தவர்கள். எல்லாரும் வயதானவர்கள், கறுப்புக் கோட்டு. தங்கள் சபை வழக்கப்படி ஆளுக்கொரு வேலமரத்துக் கொழுந்தை அவர் மார்பின்மேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் கிசுகிசுப்புக் கிளம்பியது. திரும்பி வரும் வழியில் அந்தப் பெரியவர் பக்கத்தில் வந்து கேட்டார்: "ஏம்மா, கூடவே இருந்தவ நீ. நெசமாவே தலவெட்டுக் கோயிலுக்குத்தான் போய்க்கிட்டிருந்தாரா?"

அந்த நாளில் அதைக் கேட்டாரே என்று மனம் கசந்தது. ஆனால் கேள்வி கேட்டவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு காலத்தில் அதையே நானும் கேட்டவள்தான்.

தர்மபுரி தனி மாவட்டமான சமயத்தில் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, தட்டையான கறுப்புத் தோல்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு சேலம் ரயிலேறுவார். மறுநாள் காலையில் திரும்புவார். எங்கே போகிறார் என்று கேட்டால் மறைக்கமாட்டார். "லாட்ஜுக்கு" என்பார். ஃப்ரீமேசன்கள் கூடும் சபைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. பொம்மிடியில் யாருக்கு அது தெரியும்? லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அறை வாடகைக்கு விடும் இடம். குடும்பஸ்தர், ஊரில் மரியாதைக்குரியவர், மாதம் தவறாமல் லாட்ஜுக்குப் போகிறார் என்றால் ஊர் என்ன நினைக்கும்!

அவர் மனைவி ருக்மணியம்மா ஒருநாள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். "கொஞ்சம்கூடக் கூச்சமில்லாம எம் மொகத்தப் பாத்தே சொல்றாரு மேரி. கல்யாணமாகி பதினாலு வருசமாச்சு. அங்க என்னதான் பண்றீங்கன்னா, சொல்லக்கூடாதுங்கறாரு. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

நான் போய் டாக்டரிடம் நேராகவே சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. "பதினாலு வருசமா அழுதிருக்காளா?" என்றார். அடுத்த மாதமே, குடும்பத்தோடு வரலாம் என்று வைத்திருந்த ஒரு பகல் விருந்துக்கு அம்மாவைச் சேலத்துக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்த ருக்மணியம்மாவின் முகத்தில் நிம்மதியும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. "கேக்கு குடுத்தாங்கடி. எல்லாம் கெழவனுங்க" என்றார்.

அந்தப் பயம் போயிற்று. ஆனால் வேறொரு பயம் வந்தது. அந்தச் சபைக்கு ஊர் வைத்த பெயர் தலவெட்டுக் கோயில். தலையை வெட்டிப் பூசை செய்கிறவர்கள், சேருகிறவன் நெஞ்சில் கத்தியை வைத்துச் சத்தியம் வாங்குகிறார்கள், சாமி இல்லாதவர்கள் என்றெல்லாம் பேச்சு. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்குச்சாமியார் என்னை நிறுத்திவைத்தார். அந்தச் சபையில் கத்தோலிக்கர் சேரக்கூடாது என்பது திருச்சபையின் சட்டம் என்றார்.

"சேரறதுதானே சாமி தப்பு? அவருகிட்ட வேல செய்யறதும் தப்புங்களா?"

"தப்புன்னு நான் சொல்லல. ஆனா மூடின கதவுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு தெரியாத எடத்துல ஜாக்கிரதையா இரு."

வீட்டில் அம்மா, வேலையை விட்டுவிடு என்று அழுதாள். எங்களுக்கிருந்த ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் அந்த வருஷம் விதைத்ததைக்கூடத் திருப்பித் தரவில்லை. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. என்றாலும் வேலையை விடும் முடிவோடுதான் மறுநாள் டாக்டர் முன்னால் போய் நின்றேன். சாமியார் சொன்னதை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன்.

"அவர் சொன்னதுல தப்பில்ல மேரி. என்ன நடக்குதுன்னு தெரியாத வூட்டுக்கு என் தங்கச்சி வேலைக்குப் போனா நானும் இதத்தான் சொல்வேன்" என்றார். பிறகு அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே வெள்ளை ஆட்டுத்தோலில் தைத்த, இடுப்பில் கட்டும் சிறிய முன்துணி ஒன்றும், ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையும் இருந்தன. "ஒரு காலத்துல கொத்தனாருங்க கட்டிக்கிட்டது. நாங்க அடையாளத்துக்குக் கட்டிக்கறோம். ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சிக்கற சைகை சிலது உண்டு, அத மட்டும் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். மத்தபடி கேளு."

"நல்ல காரியம்னா எதுக்குங்க மறைக்கணும்?"

"நோயாளி நம்மகிட்ட சொல்றத நாம வெளிய சொல்றமா?"

"அது நோயாளியோட ரகசியம், அதனால காக்கறோம். இது உங்க ரகசியம்தானுங்களே?"

அவர் பெட்டியை மூடி வைத்தார். "சரியான கேள்வி. எங்கிட்ட முழுப் பதில் இல்ல" என்றார். நான் வேலையை விடவில்லை. அந்தப் பெட்டி ஒரு காரணம். பதில் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டது அதைவிடப் பெரிய காரணம்.

ஊருக்கெல்லாம் பெட்டியைத் திறந்து காட்ட முடியுமா? எங்கோ பாலம் கட்டுகிறார்கள், அதற்குக் குழந்தையைப் பலி கேட்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியபோது, அது எப்படியோ டாக்டர் பெயரோடு வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் யாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. எட்டாம் நாள், ஜுரத்தில் வலிப்பு வந்து கண் செருகிப்போன ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். மூன்று நாளாக வீட்டிலேயே வைத்திருந்தாளாம். குழந்தை பிழைத்தது. கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே டாக்டர் சொன்னார்: "அவங்க பேசறது பொய்தான். ஆனா அந்தப் பொய் நொழையறதுக்கு எடம் விட்டவன் நான்." இந்த வார்த்தையை அவரைத் திட்டிய பலர் கேட்டிருக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இனி கோவிந்தன் விஷயம். சேலத்தில் மருந்து வாங்கிக்கொண்டு டாக்டரும் நானும் அவருடைய பழைய காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மத்தியானம். தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி சாலையோர டீக்கடைக்குள் புகுந்து, பாறையில் முட்டி நின்றிருந்தது. எங்களுக்கு முன்னால் வேறு யாரும் வந்திருக்கவில்லை. டீ குடிக்க நின்ற ஒருவருக்குக் கால் நசுங்கிவிட்டது. அவருக்கு நான் கட்டுப் போட்டேன். ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டிருந்த டிரைவரின் முகத்தோடு முகம் வைத்து டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். அந்த டிரைவர்தான் கோவிந்தன். "பிரேக் புடிக்கலீங்க. மொதலாளிகிட்ட நேத்தே சொன்னனுங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

நான்காம் நாள் லாரி முதலாளி எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். டாக்டரின் கையை விநோதமாகப் பிடித்துக் குலுக்கினார். விரலில் ஒரு மோதிரம். டாக்டர் பெட்டியின் மூடியில் நான் பார்த்திருந்த அதே சின்னம், கொத்தனாரின் மூலைமட்டமும் வட்டம் போடும் கவராயமும், அதில் இருந்தது. நான் பக்கத்தில் ஊசி கொதிக்கவைத்துக்கொண்டிருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

"பிரதர், டிரைவர் குடிச்சிருந்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மொதல்ல பாத்த டாக்டர் நீங்க, நீங்க சொன்னா எடுபடும்."

"அவன் குடிக்கலீங்களே. மூச்ச மோந்து பாத்தேன். பீடி நாத்தம்தான் அடிச்சுது."

"ஒருத்தருக்கொருத்தர் ஒதவிக்கறதாத்தானே நாம வாக்கு குடுத்திருக்கோம்?"

"குடுத்திருக்கோம். அதுல இது இல்லீங்க" என்றார் டாக்டர். வாசல்வரை போய், மரியாதையாகவே வழியனுப்பி வைத்தார்.

போலீஸ் வழக்கில் டிரைவர், முதலாளி இருவர் பெயரும் இருந்தது. சாட்சி சொல்ல எங்கள் இருவருக்கும் சம்மன் வந்தது. தர்மபுரி கோர்ட்டில் டாக்டர், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். முதலாளியின் வக்கீல் எழுந்தார். அவருக்குத் தன் கட்சிக்காரரைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

"நீங்கள் ஒரு ரகசியச் சங்கத்தில் சத்தியம் செய்து கொடுத்தவர்தானே?"

"ஆமாம். ஃப்ரீமேசன்."

"வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்கிறவர், இங்கே உண்மை சொல்வதாகச் செய்த சத்தியத்தை இந்தக் கோர்ட்டு எப்படி நம்புவது?"

கோர்ட்டில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஒதுங்கி நின்ற முதலாளியின் முகம் வெளுத்துப்போயிற்று. அவர் விரலில் அன்று மோதிரம் இல்லை. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் கட்சிக்காரரும் அதே சத்தியம் செய்தவர்தான், அதைச் சொல்லித்தான் என்னிடம் பொய் கேட்டார் என்றால், வக்கீல் வாயடைத்து உட்கார்ந்திருப்பார்.

"என்னைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்" என்றார் டாக்டர். "அந்தச் சங்கத்தில் வேறு யார் என்று கேட்டால் சொல்லமாட்டேன். அந்த டிரைவர் குடித்திருக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் கோர்ட்டின் இஷ்டம்."

மாஜிஸ்திரேட் அதை எழுதிக்கொண்டார். பிரேக்கைச் சோதித்த மெக்கானிக்கின் சாட்சியும் சேர்ந்துகொண்டது. கோவிந்தன் விடுதலையானான்.

சாட்சி சொன்ன அன்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஆறவேயில்லை. "ஒரே வார்த்தைங்க! சொல்லியிருந்தா அந்தாளு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாரு?"

"அவரு சேர்ந்திருக்கறது அவரு சங்கதிம்மா. அவருதான் சொல்லிக்கணும்" என்றார். சிறிது தூரம் போனபின், "எங்கள நம்பக்கூடாதுன்னு சொல்றவங்க, இந்த மாதிரி ஆளப் பாத்துட்டுத்தான் சொல்றாங்க. அது எனக்கும் தெரியுது" என்றார்.

பெரியவரே, நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். அங்கே தலை வெட்டவில்லை. கேக்கு கொடுத்தார்கள். ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் டாக்டரும் இருந்தார், அந்த முதலாளியும் இருந்தார். வெளியே நிற்பவர் சந்தேகப்படுவது குற்றமில்லை. சந்தேகப்பட்ட ஆளைப் பக்கத்தில் போய்ப் பார்க்காமலே விட்டுவிடுவதுதான் குற்றம் என்று எனக்குப் படுகிறது.

கல்யாணமாகி மாரண்டஹள்ளிக்கு வந்தபின், போன வருஷம் ஒருமுறை அவரைப் போய்ப் பார்த்தேன். அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டேன். "காப்பித் தோட்டத்துக்காரரும் ரயில்வே ஃபிட்டரும் ஒரே மேசையில உக்காருவோம். அந்த ஃபிட்டரு வெளிய எங்க பாத்தாலும் எம் முன்னால உக்காரமாட்டான். மாசத்துல ஒருநாள் அவன் பக்கத்துல நான் உக்காந்தேன். அதுக்காகத்தான்" என்றார். இந்த ஆசையைக் கதவைத் திறந்துவைத்தே நிறைவேற்றியிருக்கலாமே என்று தோன்றியது. அதைக் கேட்கவில்லை. இப்போது கேட்க வழியில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டுப் பேச்சு ஊரெல்லாம் பயத்தைக் கிளப்பியதிலிருந்து, நான் இப்போது நர்சாக இருக்கும் இந்த ஊரில் நர்சுகள் போடும் ஊசிமேலேயே சந்தேகம். போன வாரம் ஓர் இளம்பெண், கைக்குழந்தையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "இந்த ஊசியப் போட்டா, நாளைக்கு எம் புள்ளைக்குப் புள்ள பொறக்காதாமே, நெசமாங்க?" இருபது வருஷம் பிரசவம் பார்த்த கை இது என்று சீறியிருப்பேன். சீறவில்லை. அவளை உட்காரவைத்தேன். மருந்துப் புட்டியை அவள் கையில் கொடுத்து, அதில் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவள் இன்னும் நான்கு கேள்வி கேட்டாள். இரண்டுக்குப் பதில் சொன்னேன். மற்ற இரண்டும் எனக்குத் தெரியாது என்றேன்.

சந்தேகப்படுகிறவர்மேல் கோபம் வராத அந்த மனசு என் பிறவிக்குணம் இல்லை. டாக்டர் நஞ்சுண்டனிடமிருந்து எனக்கு வந்தது. அது என்னிடம் இருக்கிறது.