ஒயில் சீலும் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களும்

பசறைப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு ஏற்றம், வளைவு, பள்ளம், மழை எல்லாம் பழகிவிடும். வண்டியை வீட்டு வாசலில் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் எத்தனை வருடமானாலும் பழகாது. என்னைப் போலவே ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று நொந்துபோன சகோதரர்களே, இது உங்களுக்காக.

வழி நெடுக

ஒரு வியாழக்கிழமை பசறை பஸ் ஸ்டாண்டிலிருந்து மடுல்சீமைக்கு ஒரு ஹயர் சவாரி. ஏறியவர் ஒரு நடுத்தர வயது அம்மா, மடியில் அரிசிப் பை. பாதி ஏற்றத்தில் எஞ்சின் பக்கம் கருகல் வாசனை வந்தது. இறங்கிப் பார்த்தேன். ஒயில் சீல் போய்விட்டது. எஞ்சின் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒயில் கசியாமல் காக்கிற கறுப்பு ரப்பர் வளையம் அது. பார்த்தால் ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கெடுக்கும் சாமான் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தெமோதரையிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருகிறார்கள். எனக்குக் காணி இல்லை, அரசாங்க உத்தியோகம் இல்லை. தரகர் என்னைப் பற்றிச் சொல்லிவைத்த ஒரே பெருமை, "சொந்த ஆட்டோ." அந்தப் பெருமைதான் இப்போது ரோட்டில் ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மாவும் இறங்கி, வந்த வழியில் கிடந்த ஒயில் சொட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன தம்பி, திரும்பிப் போறப்ப வழி தெரியாதுன்னு அடையாளம் போட்டுக்கிட்டே வர்றீங்களா?"

அளவு

கராஜ்காரர் அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம் எனக்கு எதற்கு? நானே மாற்றிக்கொள்கிறேன் என்று ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார நானா எப்போதும் போல, "பழசு எங்க?" என்று கேட்டார். பழசு எஞ்சினுக்குள் இருக்கிறது, கையில் புதுசு இல்லாமல் பழசைப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை என்றேன். விரலை வளைத்து அளவு காட்டினேன். அவர் என் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் வண்டியின் மொடலைக் கேட்டு, பெட்டியைக் கிளறி ஒரு சீலை எடுத்துக் கொடுத்தார்.

"இது என்ன தொப்பியா தம்பி, ஆளப் பார்த்து அளவு சொல்ல?"

சனிக்கிழமைப் பிரசவம்

சனிக்கிழமை காலையில், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் சாக்கை விரித்து எஞ்சினைப் பிரித்தேன். சீல் அசையவில்லை. ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன். ஸ்குரூ டிரைவர் வளைந்தது. அதற்குள் லயமே கூடிவிட்டது. ஒருவர் சுடுதண்ணீர் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியையே கொண்டுவந்து நீட்டினார். நான் சீலில் இரண்டு ஓட்டை போட்டு, இரண்டு ஆணியைத் திருகி இறக்கி, குறட்டால் பிடித்து, எஞ்சினில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். அந்த வழியாக வந்த தோட்டத்து மருத்துவச்சி குடையை மடக்கிவிட்டு, என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அடுத்த இழுவையில் சீல் கையோடு வந்தது, நான் மல்லாந்து விழுந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். மருத்துவச்சி மட்டும் என்னைக் கண்டிப்பாகப் பார்த்தார்.

"மூச்ச அடக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? அடக்குனா இப்படித்தான் பின்னால விழுவீங்க!"

ஜன்னலில் இருந்தது

இடுப்பு பிடித்துக்கொண்டதால் புதுச் சீலை ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்தேன். ஞாயிறு காலை பூசை முடிந்து வந்து பார்த்தால், சீல் இல்லை. கட்டிலுக்கு அடியில், அரிசிப் பானையில், சட்டைப் பையில், எங்கும் இல்லை. அப்போதுதான் பீலிக்கரையில் ஒரே கொண்டாட்டச் சத்தம் கேட்டது. எங்கள் லயத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் அங்கே இருப்பது ஒரே தண்ணீர்க் குழாய். அதன் மூட்டு இரண்டு வருடமாக ஒழுகி, குடத்தில் விழுவதைவிட மண்ணில் விழுவதுதான் அதிகம். பழைய சேலைத் துணியைச் சுற்றிச் சுற்றி எல்லாரும் சலித்துப்போயிருந்தார்கள்.

இப்போது சொட்டுக்கூட ஒழுகவில்லை. பக்கத்து வீட்டுச் சூசையம்மா அக்கா, ஜன்னலில் "சும்மா கெடந்த" ரப்பர் வளையத்தை எடுத்துப்போய், புருஷனைக் கொண்டு மூட்டுக்குள் இறுக்கிவிட்டாராம். நான் அழாத குறையாக ஸ்பேனரோடு குழாயை நெருங்கினேன். குடங்களோடு நின்ற பெண்கள் குழாயை மறைத்துக்கொண்டார்கள். அக்கா முன்னால் வந்தார்.

"ஒன்னோட ஆட்டோவுல ஏறுறது மூணு பேரு. இதுல குடிக்கிறது பன்னெண்டு வீடு. கைய வச்சுத்தான் பாரேன்!"

வந்தார்கள்

பத்து மணிக்குப் பெண் வீட்டார் வந்தே விட்டார்கள், அதுவும் என்னோடு ஸ்டாண்டில் ஓட்டுகிறவனுடைய ஆட்டோவில். பெண்ணின் அப்பா சாக்கில் பரப்பியிருந்த என் எஞ்சினைச் சுற்றி வந்து, "இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். சம்பந்தம் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு அழுகைதான் வந்தது.

பெண்ணின் அம்மா கால் கழுவ பீலிக்கரைக்குப் போனார். திறந்த குழாயை மூடவே மறந்து நின்றார். அவர்கள் லயத்தில் குழாயே இல்லை, பள்ளத்து ஊற்றிலிருந்துதான் சுமக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சூசையம்மா அக்காவுக்கு மனசு குறுகுறுத்திருக்க வேண்டும். "இதுக்குச் சாமான் வாங்கியாந்தது அந்தத் தம்பிதாங்க" என்று சொல்லிவிட்டார். பொய்யும் இல்லை. அந்த அம்மா ஈரக் காலோடு நேரே வந்து, எஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த புருஷனின் தோளைத் தட்டினார்.

"அது ஓடுனா என்ன, ஓடாட்டி என்னங்க? பத்து வயசுலருந்து எம்புள்ள கொடம் தூக்கி ஏறுன படி போதும். சரின்னு சொல்லுங்க."

கல்யாணமாகி, எஞ்சினுக்கு வேறு சீல் வாங்கிப் போட்டு, அது மறுபடி ஒழுகத் தொடங்கி, குழாயில் இருக்கிற நல்ல சீலை ஒரு நாள் கழற்றிவிடலாமா என்று நானும் பார்க்கிறேன், ஆனால் குடத்தோடு வரிசையில் முதல் ஆளாக நிற்பது என் பெண்சாதி.